தங்கவயலில் ஒரு நாள்



எங்க செட் ஆறு பேர் பங்காருப்பேட்டையில் ரயிலேறி, கோலார் தங்கவயலைப் பார்த்து வந்தோம். எங்க பெட்டி காலி. எதிர் ரயிலில் நிற்க இடமில்லை. ஊரே பெங்களூருக்கு வேலைக்குப் போகிறது! 1902-லேயே சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்த ஊருங்க இது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். வட ஆற்காட்டுத் தமிழர்கள் நிறையப் பேர் இறங்கி வெட்டியது. 2001 பிப்ரவரி 28-ல் மூடிவிட்டார்கள். இப்போது கண்ணில் படுவது சயனைடு மண்மேடுகள்தான்.

கூட வந்த நண்பனின் அப்பா இந்தச் சுரங்கத்தில் இறங்கி அனுப்பிய பணத்தில்தான் அவன் நம்ம ஹாஸ்டலில் சாப்பிட்டான். அப்பா இருந்த லைன் வீட்டு வாசலில் ரொம்ப நேரம் நின்றான். கதவைத் தட்டவில்லை.

"பாத்தாச்சு, போலாம்டா" என்றான்.