குடிக்கூலி வீடும் பழுதுபார்ப்பும்



பிழைப்பை நாடித் தாயகம் விட்டுப் பெயர்ந்தோருள் பெரும்பாலோர்க்கு முதல் இல்லம் குடிக்கூலி வீடே. 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என வழங்கும் போர்ட் பிளேயரில், டெலானிப்பூரிலோ ஜங்லிகாட்டிலோ இரண்டு அறைகளைப் பிடித்துக் குடியமர்கின்றோம். கூரை ஒழுகினால் வீட்டுக்காரரிடம் சொல்லத் தயங்குகின்றோம். 'குறை சொன்னால் காலி செய்யச் சொல்வாரோ?' என்னும் அச்சமே காரணம். வாய்மூடி இருப்பதால் சிறு பழுது பெரும் பழுதாகிறது. சில வேளைகளில் உயிருக்கே உலை வைக்கிறது. ஆகவே எதை உடனே சொல்ல வேண்டும், எது சில நாள் பொறுக்கும், எப்படிச் சொல்வது முறை என்பனவற்றைச் சிறிது ஆராய்வோம்.

இத்தீவுகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பொழிகிறது. மே மாதத்தில் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கினால், வடகிழக்குப் பருவம் ஓயும்வரை சுவரின் ஈரம் விலகுவதில்லை. கடற்காற்றின் உப்பு தகரக் கூரையின் ஆணியை அரிக்கிறது. காங்கிரீட்டினுள் உள்ள கம்பியில் துருவேறினால், அது பருத்து மேற்பூச்சைப் பிளந்து தள்ளுகிறது. நில அதிர்ச்சி எத்தகையது என்பதை 2004 டிசம்பர் 26 நமக்கு உணர்த்திற்று. இவற்றோடு, வேண்டிய உதிரிப் பொருள் கடைவீதியில் இல்லையெனில் சென்னையிலிருந்தோ கொல்கத்தாவிலிருந்தோ கப்பல் வரும்வரை காத்திருக்கவும் நேரும்.

பழுதுகளை மூவகையாகப் பிரித்துக்கொள்வது நலம்.

முதல்வகை, உயிருக்கு ஊறு விளைப்பவை. ஈரச் சுவரைத் தொட்டால் மின்சாரம் தாக்குதல், எரிவாயு கசிதல், கூரைக் காங்கிரீட் பெயர்ந்து விழுதல், சுவரில் குறுக்காக விரிசல் ஓடிக் கதவு இறுகிப்போதல் ஆகியன இவ்வகை. இங்கே வீட்டுக்காரரின் விடைக்குக் காத்திருத்தல் கூடாது. மின்கசிவாயின், ஈரக் கையோடு அணுகாமல் முதன்மைப் பொத்தானை அணைக்க வேண்டும். எரிவாயுவாயின், உருளையின் வாயை அடைத்துச் சன்னல்களைத் திறந்து, எந்த மின்பொத்தானையும் தொடாமல் வெளியேறி, 1906 என்னும் எண்ணை அழைக்க வேண்டும். கூரையும் சுவரும் ஐயத்துக்குரியனவாயின் அவ்வறையை விட்டு நீங்க வேண்டும். வீட்டுக்காரருக்கு அறிவிப்பது அதன் பிறகே.

இரண்டாம் வகை, குடியிருக்க இயலாமற் செய்பவை. குடிநீர் நின்றுபோதல், கழிவறை அடைத்துக்கொள்ளுதல், படுக்குமிடத்தில் மழை ஒழுகுதல் போன்றவற்றை அன்றே சொல்லி, ஓரிரு நாட்களில் சீராக்கக் கேட்கலாம். நீரை அளந்து செலவிடும் கோடைக் காலத்தில் தொட்டியின் சிறு கசிவும் இவ்வகையிலேயே சேரும்.

மூன்றாம் வகை, பொறுக்கக் கூடியவை. கதவுப் பிடி தளர்தல், சுண்ணாம்பு உதிர்தல், சன்னற் கொக்கி உடைதல் ஆகியவற்றைத் தொகுத்து மாதம் ஒருமுறை சொன்னாற் போதும். நள்ளிரவில் கதவுப் பிடிக்காகத் தொலைபேசி மணி அடிப்போமாயின், நாளை மின்கசிவுக்கு அடிக்கும் மணியையும் அவர் பொருட்படுத்த மாட்டார்.

செலவு யாருடையது? 2021-இல் மத்திய அரசு வெளியிட்ட மாதிரி வாடகைச் சட்டம் இதைத் தெளிவாக வகுத்துள்ளது. ஒப்பந்தத்தில் வேறுவிதமாகக் குறிக்காதவிடத்து, கட்டடத்தின் அடிப்படைப் பழுது, வெள்ளையடித்தல், குழாய் மாற்றுதல், மின்கம்பி இழைத்தல் ஆகியன உரிமையாளர் பொறுப்பு. குழாய்த் திருகு, மின்பொத்தான், பூட்டு, சன்னற் கண்ணாடி, சாக்கடைத் துப்புரவு ஆகியன குடியிருப்போர் பொறுப்பு. உரிமையாளர் தம் கடமையைச் செய்ய மறுத்தால், குடியிருப்போரே செய்வித்து வாடகையில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் எந்த ஒரு மாதத்திலும் அக்கழிவு அம்மாத வாடகையிற் பாதியைத் தாண்டலாகாது. அவசரமில்லாத வேலைக்கு வீட்டினுள் வர விரும்பும் உரிமையாளர் 24 மணி நேரம் முன்னரே அறிவித்தல் வேண்டும்.

இது மாதிரிச் சட்டமே. அந்தமானுக்கெனத் தனி வாடகை ஒழுங்குவிதிக்கு மத்திய அரசு 2023-இல் இசைவளித்தது. பிற மாநிலங்களில் வாழும் நேயர்கள் தத்தம் பகுதியில் நடப்பிலுள்ள விதியைக் கேட்டறிதல் வேண்டும்.

சட்டத்தினும் முந்தியது முறை. வாய்ச்சொல் காற்றோடு போகும். எனவே பழுது இன்னது, கண்ட நாள் இன்னது, வேண்டுவது இன்னது என மூன்று வரி எழுதிப் புகைப்படத்தோடு கைபேசியில் அனுப்புவோம். படி ஒன்றை வைத்துக்கொள்வோம். வேலை முடிந்ததும் நன்றி கூறி அதையும் குறித்துக்கொள்வோம்.

உரிமையாளருக்கும் ஒரு சொல். குடியிருப்பவர் சொல்லும் குறை பழி அன்று. உங்கள் சொத்தைக் காக்கும் எச்சரிக்கை. ஓர் ஆணியை மாற்றும் செலவில் முடிவது, ஒரு மழைக்காலம் கழிந்தபின் கூரையையே மாற்றும் செலவாகும். பொருள் வரத் தாமதமாயின் அதைச் சொல்லிவிடுங்கள். மௌனத்தைக் காட்டிலும் தாமதத்தைப் பொறுத்தல் எளிது.

ஏப்ரல் திங்களில், மழை தொடங்குமுன், இருவரும் ஒருநாள் சேர்ந்து கூரை, மின்கம்பி, நீர்த்தாரை, சாக்கடை நான்கையும் பார்வையிட்டால் அவ்வாண்டின் அவசரங்களுட் பல எழாமலே போகும். வாடகை கொடுத்து வாழ்வோர் கேட்பது சலுகை அன்று. அச்சமின்றி உறங்கும் ஓரிடத்தையே கேட்கின்றோம். அதை உரிய நேரத்தில், உரிய சொல்லால் கேட்கப் பழகுவோமாக.