ஃப்ரீஹோல்டிலிருந்து வேலூர் வரை



நம் நியூஜெர்சியின் ஃப்ரீஹோல்டில் 1793-இல் பிறந்தவர் டாக்டர் ஜான் ஸ்கடர். 1819-இல் கப்பலேறி, யாழ்ப்பாணத்தில் வைத்தியமும் ஊழியமும் செய்தார். அவர் பேத்தி ஐடா, திண்டிவனத்தில் தகப்பனார் வீட்டில் இருந்தபோது ஒரே இரவில் மூன்று பேர் கதவைத் தட்டினார்கள்: ஒரு பிராமணர், ஒரு முஸ்லிம், இன்னொரு இந்து. மூவர் வீட்டிலும் பிரசவ வேதனை. ஆண் டாக்டர் வேண்டாம் என்றார்கள். ஐடாவோ அப்போது டாக்டர் அல்ல. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். பின்பு மருத்துவம் படித்துத் திரும்பிய அவர் வேலூரில் ஆரம்பித்ததுதான் சி.எம்.சி. 1909-இல் நர்சிங் பள்ளியும் தொடங்கினார். அங்கே படித்தவள் நான்.

மனுஷன் தேவசாயலில் படைக்கப்பட்டான் என்கிறோம். பணமில்லாத மனுஷனுமா? எமர்ஜென்சிக்கு வரும் எவரையும், பணம் இருக்கிறதா என்று பாராமல், பரிசோதித்து ஆபத்திலிருந்து நிலைப்படுத்த வேண்டும் என்று அமெரிக்காவில் 1986 முதல் சட்டமே உண்டு. நம் வீடுகளில்தான் தயக்கம். விசிட்டர் விசாவில் வந்த பெற்றோர், "இன்ஷூரன்ஸ் இல்லையே, பிள்ளைக்குச் செலவு வைக்கலாமா" என்று நெஞ்சுவலியை மறைக்கிறார்கள். பில் பிற்பாடு வரத்தான் செய்யும். அதற்கு மருத்துவமனையின் சமூகசேவகரிடம் உதவி கேட்கலாம்.

பிள்ளைகளே, பாட்டி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு "வாயுதான், ஒன்றுமில்லை" என்றால் நம்பாதீர்கள், 911-ஐ அழையுங்கள். பக்கத்து வீட்டுப் பாட்டிக்கும் அப்படியே. பெரியவர்களே, ஆஸ்பத்திரியில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று கேளுங்கள், அதற்குக் கட்டணம் இல்லை. பத்து வயதுப் பேரனை அந்த வேலைக்கு நிறுத்தாதீர்கள்.