சிகாகோவிலிருந்து ம்பாலே வரை

இன்று பட்டம் பெறும் இளம் டாக்டர்களே,

சாப்பாட்டு நேரம் நெருங்குவதால், மூளைக்குள் பார்க்க நான் தினமும் கையில் பிடிக்கும் எண்டோஸ்கோப்பைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

1910இல் சிகாகோவில், மூளையில் நீர் கோத்த இரண்டு குழந்தைகளுக்கு லெஸ்பினாஸ் என்ற டாக்டர் ஒரு காரியம் செய்தார். சிறுநீர்ப்பைக்குள் பார்க்கும் சிஸ்டோஸ்கோப்பை மூளை அறைக்குள் செலுத்தி, நீரைச் சுரக்கும் கோராய்டு பின்னலைச் சுட்டார். அவர் நியூரோசர்ஜன்கூட இல்லை, யூராலஜிஸ்ட்! ஒரு குழந்தை இறந்தது. மற்றது ஐந்து ஆண்டுகள் வாழ்ந்தது. 1923இல் பாஸ்டனில் மிக்ஸ்டர், அதே யூராலஜி பெட்டியிலிருந்து ஒரு கருவியை எடுத்து, மூன்றாவது அறையின் தளத்தில் துளையிட்டு, தேங்கிய நீருக்கு மாற்றுவழி திறந்தார்.

அந்தக் கருவிகளில் வெளிச்சம் போதவில்லை, படம் தெளியவில்லை. 1950களில் தேங்கிய நீரை வடிக்கும், வால்வு வைத்த ஷன்ட் குழாய் வந்ததும் எண்டோஸ்கோப் அலமாரிக்குப் போய்விட்டது. பிறகு ஹாப்கின்ஸ் என்ற இயற்பியலாளரின் கண்ணாடித்தண்டு லென்ஸ்தான் அதை மீட்டது.

இன்று மூளை அறைகளை இணைக்கும் மன்ரோ துவாரத்தைத் தாண்டி உள்ளே போனால், திரையில் இரண்டு வெண்ணிற மேமில்லரி மேடுகள் தெரியும். அவற்றுக்கு முன்னால் தளம் கண்ணாடித்தாள்போல் மெலிந்திருக்கும். அதற்கடியில் துடிப்பது பேசிலர் தமனி. துளை போட்டு, சிறு பலூனை விரித்து அதை அகலமாக்குவோம். ரத்தம் கசிந்து திரை சிவந்தால், பதறிப்போய் கருவியை உருவக் கூடாது. வெதுவெதுப்பான ரிங்கர் லாக்டேட்டை ஓடவிட்டுக் காத்திருக்க வேண்டும். பெரும்பாலும் தெளிந்துவிடும். அந்தச் சில நிமிடங்களைப் பாடப்புத்தகம் ஒரே வரியில் முடித்துவிடுகிறது.

ஷன்ட்டை நான் குறை சொல்லவில்லை, இன்றும் வைக்கிறோம். ஆனால் குழந்தைகளுக்கு வைப்பதில் ஏறத்தாழ 40 சதவீதம் இரண்டு ஆண்டுகளுக்குள் பழுதாகும். நகரத்துப் பிள்ளையென்றால் அன்றிரவே ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்துவிடுவார்கள். உகாண்டா கிராமத்துப் பிள்ளைக்கு அந்த வசதி ஏது? 2000இல் அந்நாட்டின் ம்பாலே நகருக்குப் போன அமெரிக்க டாக்டர் பெஞ்சமின் வார்ஃப் இந்தக் கேள்வியில்தான் ஆரம்பித்தார். மிக்ஸ்டரின் துளையையும் லெஸ்பினாஸின் சூட்டையும் ஒரே ஆபரேஷனில் சேர்த்தார். அங்கேயே 100 குழந்தைகளிடம் ஷன்ட்டோடு ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு 2017இல் வெளிவந்தது. ஓராண்டு முடிவில் அறிவு வளர்ச்சியில் குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை. இந்த முறையில் பழுதாவதற்குக் குழாயும் இல்லை.

அந்தத் துளையும் சில குழந்தைகளுக்கு மூடிக்கொள்ளும், பெரும்பாலும் முதல் ஆறு மாதத்துக்குள். உச்சிக்குழி புடைத்தால், வாந்தி நிற்காவிட்டால், கருவிழி கீழேயே இறங்கி நின்றால் உடனே வரவேண்டும் என்று தாயிடம் சொல்லி அனுப்ப வேண்டும். அந்நேரம் நான் அடுத்த ஆபரேஷனில் இருப்பேன். டிஸ்சார்ஜ் சீட்டைக் கொடுத்து இதைச் சொல்லப்போவது நீங்கள்தான். அந்தத் தாய்க்கு எந்த ஊர், அங்கிருந்து ராத்திரியில் பஸ் உண்டா என்பதையும் கேட்டுவிடுங்கள்.