முகம் காணாத அவை

வானொலியில் பேசுகிறவனுக்கு என்றுமே ஒரு குறை உண்டு. கேட்பவரின் முகம் அவனுக்குத் தெரிவதில்லை; புருவம் நெரிவதையும் தலை அசைவதையும் கண்டு தன் பேச்சைத் திருத்திக்கொள்ள அவனுக்கு வழியில்லை. 2020-ஆம் ஆண்டில் கொரோனாத் தொற்றால் கல்விக்கூடங்கள் மூடப்பட்டபோது, இதே குறை ஆசிரியர் பலரையும் வந்தடைந்தது. அன்று கட்டாயத்தால் புகுந்த இணையவழிக் கருத்தரங்கம் இன்று பழக்கமாகவே நிலைத்துவிட்டது.

அத்தகைய கருத்தரங்கம் ஒன்றில் நான் பேசினேன். "விளங்குகிறதா?" என்று மும்முறை கேட்டேன், மறுமொழி இல்லை. மௌனம் சம்மதம் என்று எண்ணி மேலே சென்றேன். மறுநாள் ஒரு மாணவி சொன்னாள்: "ஐயா, தொடக்கத்திலிருந்தே தங்கள் குரல் விட்டுவிட்டுத்தான் கேட்டது. மற்றவர் யாரும் ஒன்றும் சொல்லாததால், என் கைப்பேசியில்தான் கோளாறு என்று இருந்துவிட்டேன்." விசாரித்தபோது, மற்றவர்களும் அவ்வாறே நினைத்திருந்தனர் என்பது தெரிந்தது. அவை நிறைந்திருந்தது, ஆனால் அதில் ஒவ்வொருவரும் தனித்திருந்தனர்.

இக்குறைக்கு மாற்றுக் கண்டவர்கள் முன்பே உண்டு. 1956-இல் அகில இந்திய வானொலி, யுனெஸ்கோவின் துணையுடன், புனே நிலையத்தின் வாயிலாகக் கிராம வானொலி மன்றங்களை நடத்திற்று. சுமார் 150 கிராமங்களில் மக்கள் குழுவாகக் கூடிக் கேட்டனர். கேட்டதைத் தமக்குள் விவாதித்தனர். தம் ஐயங்களை நிலையத்துக்கு எழுதினர். முகம் காணாக் குறையைக் கேட்போரின் மறுமொழியே நிறைவு செய்தது.

இன்று மறுமொழிக்குக் கடிதம் வேண்டுவதில்லை, விரல்நுனி போதும். எனினும் அதற்கு இருசாராரும் முயலவேண்டும்.

கருத்தரங்கை நடத்துவோர், ஒலியையும் படத்தையும் அரைமணி முன்னதாகவே சோதித்தல் நன்று. பேசுபவர் ஒருவராகவும், எழுத்தில் வரும் வினாக்களைக் கவனிப்பவர் வேறொருவராகவும் இருக்கவேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பேச்சை நிறுத்துக. "விளங்குகிறதா?" என்று பொதுவாகக் கேளாமல், விடை எழுதக்கூடிய சிறு வினா ஒன்றை விடுத்துக் காத்திருங்கள். அந்தச் சில விநாடி மௌனத்துக்கு அஞ்சவேண்டாம். எழுதுவோருக்கு அந்த நேரம் தேவை.

கேட்போருக்கும் கடமை உண்டு. நேரிற் பேசும்போது ஒருவர் முடித்ததற்கும் அடுத்தவர் தொடங்குவதற்கும் உள்ள இடைவெளி, ஏறத்தாழ ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கே என்று, பத்து மொழிகளை ஆராய்ந்தோர் 2009-இல் கண்டனர். இணையத்தில் ஒலி வந்துசேரும் தாமதம் இந்த நுட்பமான ஒழுங்கைக் குலைக்கிறது. அதனாலேயே இருவர் குரல் மோதிக்கொள்கிறது. ஆகவே ஒலிவாங்கியை அடைத்துவைத்து, கை உயர்த்தும் குறியைக் காட்டி, முறை வந்தபின் பேசுங்கள். இணைப்பு நலிவுற்றால் உங்கள் படத்தை நிறுத்திவிடுங்கள்; குரலாவது தெளிவாக வரும். இயலுமாயின் இருவர் மூவராகக் கூடிக் கேளுங்கள். முடிந்ததும் கேட்டதைப்பற்றி உரையாடுங்கள்.

எல்லாவற்றிற்கும் மேலாக, குரல் கேட்கவில்லையெனில் உடனே ஒருவரி எழுதிவிடுங்கள். அது பேசுபவருக்குச் செய்யும் அவமதிப்பன்று, உதவி. உங்களைப்போலவே தயங்கி நிற்கும் பலருக்கும் அது உதவியாகும். நூறு பேர் வாய்மூடியிருந்த அந்த அவையில் ஒருவர் எழுதியிருந்தால், என் ஒருமணி நேரப் பேச்சும் அவர்களுடைய ஒருமணி நேரமும் வீணாகியிரா.