பழக்கத்தை எண்ணும் எளிய கருவிகள்



நாள்தோறும் தமிழ் படிக்க வேண்டும் என்று மாணவர்க்கு அறிவுறுத்துகிறோம். வார இறுதியில், "எத்தனை நாள் படித்தாய்?" என வினவினால், "நிறைய நாள்" என்னும் விடையே பெரும்பாலும் வருகிறது. அது பொய்யன்று. நினைவு நமக்குச் சற்றே சலுகை காட்டுவது இயல்பு. அச்சலுகையைத் திருத்தவே எண்ணும் கருவி தேவைப்படுகிறது.

நம் மரபில் இது புதிதன்று. பால் கணக்கைச் சுவரில் கரிக்கோடாக இட்டு வைத்தனர். செபமாலையின் 108 மணிகளோ எண்ணும் வேலையை விரல்களுக்குத் தந்து, மனத்தை வழிபாட்டில் நிற்க வைத்தன.

அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் ஃபிராங்கிளின் 13 நற்பண்புகளைப் பழக விரும்பி, ஒரு சிறு ஏட்டில் ஏழு நாளுக்கும் கட்டங்கள் வரைந்தார். தவறு செய்த நாளில் கரும்புள்ளி இட்டார். பழைய புள்ளிகளைச் சுரண்டிச் சுரண்டித் தாள் ஓட்டையாயிற்று. பின்னர்த் தந்த ஏடுகளில் கோடிட்டு, பென்சிலால் குறித்து, ஈரப் பஞ்சால் துடைத்துக்கொண்டார். வாரத்திற்கு ஒரு பண்பிலேயே சிறப்புக் கவனம் செலுத்தினார். ஒரு வேளையில் ஒரு பழக்கம். மீண்டும் தொடங்குதல் எளிது. இவ்விரண்டும் நமக்குப் பாடங்கள்.

மூன்றாவது பாடம் ஜப்பானியருடையது. 1965-இல் அங்கு விற்பனைக்கு வந்த அடியெண்ணும் கருவிக்குப் 'பத்தாயிரம் அடிமானி' எனப் பொருள்படும் பெயர் இட்டனர். விற்பனைப் பெயரில் இருந்த எண்ணே பின்னர்ப் பலர்க்கும் இலக்காயிற்று. இலக்கைக் கருவி விதித்தலாகாது. பயில்வோரே தம் ஆற்றலறிந்து வகுத்தல் வேண்டும்.

இனி நம் கருவிக்கு வருவோம். முதியோர் பயன்படுத்தும் ஏழு அறை மாத்திரைப் பெட்டி ஒன்றும் ஏழு புளியங்கொட்டைகளும் போதும். பத்து நிமிடம் தமிழ் படித்துப் புத்தகத்தை மூடியதும், அன்றைய அறையில் ஒரு கொட்டையை இடுக. பெட்டி புத்தகத்தின் அருகிலேயே இருத்தல் வேண்டும். பைக்குள் புகுந்தால் மறதியும் உடன் புகும். கைப்பேசியில் குறிக்கலாமே எனலாம். குறிக்கத் திறந்த கைப்பேசி நம்மை வேறெங்கோ இட்டுச் சென்றுவிடுவதை அனைவரும் அறிவோம்.

வெற்றறை தண்டனைக்குரியதன்று, அது ஒரு செய்தி. செவ்வாயும் வியாழனும் தொடர்ந்து வெறுமையாயின், அவை இணைப்பாட நடவடிக்கை நாள்களா என்று பார்ப்போம். மாணவரைக் கடியாது, படிக்கும் வேளையை மாற்றுவோம்.

ஆசிரியராகிய நாம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். வாசிப்புப் பதிவேடுகளை வாங்கித் திருத்தியிருக்கிறோம். ஏழு நாள் பதிவும் ஒரே மையில், ஒரே இரவில் எழுதப்பட்டிருக்கும். கதையில் என்ன நடந்தது என்று கேட்டால் மௌனமே விடை. பிழை பிள்ளையினுடையதன்று. தனக்கென வைக்க வேண்டிய கணக்கை, நமக்குக் காட்டும் கணக்காக மாற்றியவர்கள் நாமே. ஆகவே, புளியங்கொட்டைக்கு மதிப்பெண் வழங்காதிருப்போம்; பெட்டியைப் படம்பிடித்து அனுப்புமாறும் கேளாதிருப்போம். "என்ன படித்தாய்?" என்று மட்டும் அன்போடு கேட்போம்.

மாணவச் செல்வங்களே, பெட்டியை நீங்களே செய்யலாம். தீப்பெட்டிகள் ஏழினை ஒட்டினாலும் போதும். பழக்கம் வேரூன்றிய நாளில் அதனை எடுத்து வைத்துவிடுங்கள். புத்தகம் மட்டும் மேசைமேல் இருக்கட்டும்.