"நான் பாத்துக்கறேன்"னு சொல்லாதீங்க

ஆஸ்திரேலியாவுல மாற்றுத்திறனாளிகளுக்கான அரசுத் திட்டமான என்டிஐஎஸ் பத்தி நாம பேசினதுக்கு வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல இதுதான்: "கேர் கம்பெனி ராத்திரிக்கு ஆள் போட மாட்டேங்குது, என்ன பண்றது?" கம்பெனியோட சண்டை போட்டுப் பிரயோஜனமில்ல. ரோஸ்டர் போடறது அவங்க. எத்தனை ஆளுக்குப் பணம்னு முடிவு பண்றது அரசு ஏஜென்சி. ஏஜென்சிக்குத் தெரியறது, முன்னால இருக்கற காகிதம் மட்டும்தான். அதைக் கெடுக்கறது பெரும்பாலும் நாமதான்.

சிட்னியில, டூங்காபி பக்கம் ஒரு அம்மா. மகனுக்கு 24 வயசு, வலிப்பு உண்டு. ராத்திரி ரெண்டு மூணு தடவை எழுந்து பாக்கணும். எந்த உதவிக்கு எவ்வளவு பணம்னு பிளான் போடற மீட்டிங்ல "ராத்திரி எப்படி?"ன்னு கேட்டதுக்கு, "ஒண்ணும் பிரச்சினையில்ல, நான் பாத்துக்கறேன்"னு டீ கொடுத்து அனுப்பிட்டாங்க. நமக்கு அது மரியாதை. ஆனா என்டிஐஎஸ் சட்டத்தோட 34ஆவது பிரிவு, குடும்பம் நியாயமா எவ்வளவு செய்ய முடியும்னும் பாக்கச் சொல்லுது. அம்மா சொன்னது அப்படியே பதிவாச்சு. பகலுக்கு மட்டும் ஆள் வந்தது. அவங்க முதுகுவலி எந்தத் தாள்லயும் இல்ல.

அதனால ராத்திரியை எழுதுங்க. ரெண்டு வாரம். எத்தனை மணிக்கு எழுந்தீங்க, என்ன செஞ்சீங்க, திரும்ப எப்ப படுத்தீங்க. "சரியா தூங்க மாட்டான்"னு எழுதாதீங்க, அதுல யாருக்கும் ஒண்ணும் புரியாது. ராத்திரி ஆள்ல ரெண்டு வகை. ஸ்லீப்ஓவர்னா பணியாளர் தூங்கலாம். ரெண்டு மணி நேரம் வரை எழுந்து உதவறதும் அந்தக் கட்டணத்துலயே அடக்கம். ஆக்டிவ் நைட்னா முழிச்சே இருக்கணும். செலவு கூட, லேசுல தர மாட்டாங்க. எது வேணும்னு உங்க நோட்டும், அதைப் பாத்து ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் எழுதற அறிக்கையும் சொல்லணும்.

"பெத்த பிள்ளையைப் பத்திக் குறை எழுதறதா?"ன்னு ஒருத்தர் கோவிச்சுக்கிட்டாங்க. அம்மா, அவன் குறையை யார் கேட்டா? நீங்க எத்தனை மணிக்கு எழுந்தீங்கன்னுதான் கேக்கறேன்!

இன்னும் சில கேள்விகள். "பிளான்ல ஒருத்தருக்கு ஒரு ஆள்னு இருக்கு, ஆனா ஒரே பணியாளர் ரெண்டு பேரைப் பாக்கறார்." இன்வாய்ஸைப் பாருங்க. தனி ஆள் கட்டணம் போட்டிருந்தா எழுத்துல விளக்கம் கேளுங்க. தங்கச்சியையே பணியாளரா போடலாமான்னா, பொதுவா முடியாது. பிளான் குறைவா வந்தா 3 மாசத்துக்குள்ள மறுபரிசீலனை கேளுங்க. அதுக்கு அப்புறம்தான் தீர்ப்பாயம்.

இங்கிலீஷ்ல பேசத் தயக்கம்னா மொழிபெயர்ப்பாளர் இலவசம். மீட்டிங் தேதி வாங்கும்போதே தமிழ் வேணும்னு சொல்லிடுங்க.