ஆளை மன்னித்தார், அநீதியை விடவில்லை

(பெங்களூரில் ஒரு தொடர்கல்வி மையத்தில் பேசியது)



தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்க நிற்கிறோம். ஒருவர் நம் குடத்தைத் தள்ளிவிட்டு முன்னே போகிறார். கோபம் வருமா, வராதா? வரும். கோபம் வருவது தப்பில்லை. அந்தக் கோபத்தை வைத்து என்ன செய்கிறோம்? அதுதான் கேள்வி.

காந்தி 1927-இல் உடல்நலம் தேற நம் பெங்களூரில் வந்து தங்கினார். அப்போது அவர் ஊரறிந்த தலைவர். நான் சொல்லப்போவது அதற்கு 30 ஆண்டுகளுக்கு முன் நடந்தது. அப்போது அவருக்கு வயது 27.

தென் ஆப்பிரிக்காவில் நேட்டால் என்று ஒரு பகுதி. அங்கே வெள்ளையர் ஆட்சி. கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகளாக உழைத்தவர்களில் பலர் தமிழர்கள். பாலசுந்தரம் என்ற தமிழரை அவருடைய முதலாளி பல் உடையும்படி அடித்தார். இப்படிப்பட்டவர்களுக்காகக் காந்தி வாதாடினார். அவர்கள் படும் பாட்டை இந்தியாவுக்கு வந்து எழுதினார், பேசினார். அவர் சொல்லாததையும் சொன்னதாக அங்கே செய்தி பரவியது. வெள்ளையர்கள் கொதித்தார்கள்.

1897 ஜனவரி 13. காந்தி டர்பன் நகரில் கப்பலை விட்டு இறங்கி நடந்தார். கூட்டம் சூழ்ந்தது. கல் எறிந்தார்கள். அழுகிய முட்டை எறிந்தார்கள். தலைப்பாகையைப் பறித்தார்கள். அடித்தார்கள், உதைத்தார்கள். அவருக்கு மயக்கம் வந்தது. ஒரு வீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த வழியே போலீஸ் அதிகாரியின் மனைவி வந்தார். அவரும் வெள்ளைக்காரர்தான். தன் குடையை விரித்துக் குறுக்கே நின்றார். அதனால் காந்தி பிழைத்தார்.

இரவில் அவர் தங்கிய வீட்டைக் கூட்டம் வளைத்தது. உள்ளே மனைவி கஸ்தூரிபாவும் பிள்ளைகளும் இருந்தார்கள். காந்தி போலீஸ்காரர் வேடத்தில் வெளியேறினார்.

பிறகு லண்டனிலிருந்து உத்தரவு வந்தது. அடித்தவர்கள் மேல் வழக்குப் போடச் சொன்னார்கள். பழி தீர்க்க நல்ல வாய்ப்பு. சட்டமே துணைக்கு வந்துவிட்டது.

காந்தி வேண்டாம் என்றார். அதை எழுதியும் கொடுத்தார். பொய்யை நம்பி அடித்துவிட்டார்கள், உண்மை தெரிந்தால் வருந்துவார்கள் என்றார்.

பயந்துவிட்டாரா? இல்லை. ஊரை விட்டு ஓடவில்லை. ஒப்பந்தம் முடிந்த கூலிகள் அங்கேயே தங்கினால் ஆண்டுக்கு 3 பவுன் வரி கட்ட வேண்டும். அது ஏழைகளை நசுக்கிய வரி. அதை எதிர்த்து 1913-இல் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். தமிழர்கள் பலர் சிறை சென்றார்கள். 1914-இல் அந்த வரி ஒழிந்தது.

பழி வாங்கியிருந்தால் நாலு பேர் சிறைக்குப் போயிருப்பார்கள். அதனால் வரி ஒழிந்திருக்குமா?

மன்னிப்பது வேறு. உரிமையை விடுவது வேறு. குழாயடியில் நம் முறையைக் கேட்போம், விடாமல் கேட்போம். குடத்தை ஓங்க வேண்டாம்.